எந்த ஊரில் ஏறுகிறோமோ அந்த ஊர் வரி

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருப்பது இது: "என் மாமியாரின் தம்பி குடும்பம், நான்கு பேர், புதுக்கோட்டையிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள். கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனதில் அவர்களுடைய திரும்பும் டிக்கெட் வீணாகிவிட்டது. புது டிக்கெட்டை இங்கேயே வாங்கலாமா? வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வாங்கினால் கூடுதல் வரி, அதுவும் டாலரில் கட்ட வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஊரில் இருக்கும் அவர்கள் மகன், 'நான் ரூபாயில் போட்டுவிடுகிறேன், அதுதான் மலிவு' என்கிறான். டிசம்பரில் நாங்களும் திருச்சி போய், அங்கிருந்து கொழும்பு போக நினைக்கிறோம். அந்த டிக்கெட்டை இந்தியாவில் வாங்கினால் எங்களுக்கு என்ன விதி?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். தாராளமாக இங்கேயே வாங்கலாம். வெளிநாட்டவர் என்பதற்காகத் தனி வரி எதுவும் இல்லை. டாலரும் வேண்டாம், வெள்ளியிலேயே, அதாவது மலேசிய ரிங்கிட்டிலேயே கட்டலாம். டிக்கெட்டில் ஏறும் அரசாங்க வரியும் விமான நிலையக் கட்டணமும், நீங்கள் எங்கே ஏறுகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எந்த வகுப்பில் உட்காருகிறீர்கள் என்று பார்த்துத்தான் கணக்கிடப்படுகின்றன. உங்கள் கேள்வியில் இருக்கும் இரண்டு பயணத்திலும் கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்பதற்கு அங்கே வேலையே இல்லை. பணம் கரைவது நாணய மாற்றில். உங்கள் கவனம் அங்கேதான் இருக்க வேண்டும், புதுக்கோட்டையில் இருக்கும் அந்த மகனின் கவனமும்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அப்புறம் ஈப்போவில் ஒரு பயண நிறுவனத்தின் டிக்கெட் மேசையில் 30 வருடத்துக்கு மேல் உட்கார்ந்தேன். சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு பழனிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகும் அம்மாக்கள், பெண் பார்க்கப் போகும் குடும்பங்கள், அங்கிருந்து வந்து இங்கே தேதி தவறவிட்ட சொந்தங்கள் என்று பலருக்கும் இதே பயம்தான் இருந்தது. இந்தப் பயம் வெறும் புரளி அல்ல. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பறக்கும் ஒருவருடைய டிக்கெட்டில் நம் நாடு சேர்க்கும் தொகைகள் மூன்று. ஒன்று, பயணிகள் சேவைக் கட்டணம். நாம் பொதுவாக 'ஏர்போர்ட் டேக்ஸ்' என்று சொல்வது இதைத்தான். 2024 ஜூனில் வந்த அட்டவணைப்படி, ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்புக்கு வெளியே போகிறவருக்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தின் முதல் முனையத்தில் 73 வெள்ளி. இரண்டாம் முனையத்திலும் பினாங்கு போன்ற மற்ற நிலையங்களிலும் 50 வெள்ளி. ஆசியான் நாடுகளுக்குப் போனால் எங்கே ஏறினாலும் 35 வெள்ளி. இரண்டாவது, புறப்பாட்டு வரி. 2019 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. ஆசியானுக்கு வெளியே சாதாரண வகுப்பில் போனால் 20 வெள்ளி, மேல் வகுப்பில் 150. ஆசியானுக்குள் முறையே 8 வெள்ளியும் 50 வெள்ளியும். மூன்றாவது, விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்காக 2018இல் வந்த 1 வெள்ளி.

ஆக, உங்கள் உறவினர் பினாங்கிலிருந்தோ இரண்டாம் முனையத்திலிருந்தோ சாதாரண வகுப்பில் கிளம்பினால் ஆளுக்கு 50, 20, 1, மொத்தம் 71 வெள்ளி. முதல் முனையத்திலிருந்து கிளம்பினால் 94 வெள்ளி. அதே விமானத்தில் பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்கார்ந்தால் உங்களுக்கும் அதே தொகைதான். மலேசியப் பிரஜைக்கு ஒன்று, இந்தியப் பிரஜைக்கு ஒன்று என்று பிரிவு கிடையாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சேவைக் கட்டணமும் புறப்பாட்டு வரியும் இல்லை. அவர்களோடு கைக்குழந்தை இருந்தால் டிக்கெட்டில் அந்த வரிகள் தவறி ஏறியிருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்த 71க்கும் 94க்கும் உள்ள வித்தியாசத்தைச் சிலர் சின்ன விஷயம் என்று விட்டுவிடுவார்கள். நான்கு பேருக்கு 92 வெள்ளி அது. சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் பினாங்கு விமான நிலையம் கோலாலம்பூரை விடப் பக்கம். 2024 டிசம்பரிலிருந்து பினாங்கிலிருந்து சென்னைக்கு இண்டிகோ நேராகப் பறக்கிறது. சென்னையில் இறங்கிப் புதுக்கோட்டைக்கு ரயிலிலோ பேருந்திலோ போகத் தெம்பிருந்தால் அதையும் விலை பாருங்கள். திருச்சியில்தான் இறங்க வேண்டும், வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் கோலாலம்பூர்தான் சரி. பயணக் களைப்புக்கும் ஒரு விலை உண்டு.

உள்நாட்டு விமானத்துக்கு மட்டும் நம் நாட்டில் சேவை வரி இருக்கிறது. 2024 மார்ச்சில் அது 6 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. வெளிநாட்டுப் பயணத்துக்கு அது கிடையாது. ஆகவே பினாங்கு – கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர் – திருச்சி வேறு டிக்கெட் என்று துண்டு துண்டாக வாங்கினால், முதல் துண்டுக்கு 8 சதவீதம் தனியாகக் கட்டுவீர்கள். அதோடு முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் கேட்க நாதி இருக்காது. இரண்டு விமானம் மாறித்தான் போக வேண்டும் என்றால் ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள்.

டிக்கெட்டில் 'வரிகளும் கட்டணங்களும்' என்று ஒரே தலைப்பில் ஒரு பெரிய தொகை நிற்கும். அதைப் பார்த்துத்தான் பலர், 'ஐயோ, வெளிநாட்டுக்காரன் என்று இவ்வளவு வரி போட்டுவிட்டான்' என்று பதறுகிறார்கள். அதில் ஒய்கியூ, ஒய்ஆர் என்ற குறியோடு வரும் தொகை அரசாங்கத்துக்குப் போவதே இல்லை. எரிபொருளுக்கென்றும் வேறு காரணத்துக்கென்றும் விமான நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும் கூடுதல் தொகை அது. பயணத்தை ரத்து செய்யும்போது இந்த வித்தியாசம் முக்கியம். அரசாங்க வரியைத் திருப்பிக் கேட்கலாம், ஒய்கியூவைக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் நடக்காது. பிரித்துக் காட்டும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, மகன் ரூபாயில் போடுகிறேன் என்கிறானே, அதைப் பார்ப்போம்.

உலக விமானக் கட்டணங்களுக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறதோ, கட்டணம் அந்த நாட்டின் நாணயத்தில்தான் நிர்ணயிக்கப்படும். கோலாலம்பூரில் தொடங்கும் பயணத்தின் அடிப்படை விலை வெள்ளியில் இருக்கும். திருச்சியில் தொடங்கினால் ரூபாயில் இருக்கும். உள்நாட்டு நாணயம் ரொம்ப ஆட்டம் காணும் சில நாடுகளில் டாலரில் வைத்திருப்பார்கள். வேறு நாட்டில் உட்கார்ந்து அந்த டிக்கெட்டை வாங்கினால், அன்றைய வங்கி விற்பனை விகிதத்தில் அந்த விலையை மாற்றி உங்களிடம் கேட்பார்கள். எங்கள் தொழிலில் டிக்கெட் எங்கே விற்கப்பட்டது, எங்கே அச்சிடப்பட்டது, பயணம் எங்கே தொடங்குகிறது என்பதற்கெல்லாம் தனிக் குறியீடுகள் இருந்தன. 'உள்ளே விற்று உள்ளே அடித்தது', 'வெளியே விற்று வெளியே அடித்தது' என்று வகை பிரிப்போம். புதிதாக மேசைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஏனென்றால் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, 'அங்கே வாங்கினால் மலிவாமே?' என்பதுதான்.

மலிவாக இருக்கலாம், ஆனால் அதற்குக் காரணம் வாங்கும் ஊர் அல்ல. திருச்சி – கோலாலம்பூர் – திருச்சி என்று போய்வரும் டிக்கெட்டும், கோலாலம்பூர் – திருச்சி – கோலாலம்பூர் என்று போய்வரும் டிக்கெட்டும் இரண்டு வேறு சரக்கு. இங்கே தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் விலை ஏறும். அங்கே மே மாதம் ஏறும். அதனால் ஒரே நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதுண்டு. உங்கள் உறவினருக்கு வேண்டியது கோலாலம்பூரிலிருந்து ஒருவழி மட்டும். அதன் விலை வெள்ளியில் பிறந்தது. திருச்சியில் உட்கார்ந்து வாங்கினால் அந்த வெள்ளியை ரூபாயாக மாற்றிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எளிமைக்காக 1 வெள்ளிக்கு 20 ரூபாய், டிக்கெட் விலை 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் அந்தப் பையனின் இந்திய அட்டையில் 600 வெள்ளி இழுக்கப்படுகிறது. 12,000 ரூபாய். அதன்மேல் இந்திய வங்கி அட்டைகளில் பரவலாக இருக்கும் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம் 420 ரூபாய். அந்த 420 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 75 ரூபாய் 60 காசு. ஆக மொத்தம் 12,495 ரூபாய் 60 காசு. நான்கு பேருக்கும் சேர்த்து 1,982 ரூபாய் வீணாகப் போகிறது. நூறு வெள்ளிக்கு ஒன்றிரண்டு குறைவு. இங்கே வெள்ளியில், மலேசிய வங்கி அட்டையில் நீங்கள் கட்டினால் இந்தச் செலவே இல்லை. அவர்கள் உங்களிடம் ரூபாயாகக் கொடுத்துவிட்டுப் போகட்டும், அல்லது ஊருக்கு நீங்கள் போகும்போது கணக்குத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிறுவனத்தின் இந்தியத் தளம் விலையை ரூபாயிலேயே காட்டினால்? அப்போது மாற்று விகிதம் அந்த விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரே நேரத்தில் இங்கே வெள்ளியில் ஒரு விலையும் அங்கே ரூபாயில் ஒரு விலையும் பார்த்து, ரூபாயை வெள்ளியால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண், அன்றைக்கு ஈப்போ லிட்டில் இந்தியாவில் காசு மாற்றும் கடை சொல்லும் எண்ணை விட அதிகமாக இருந்தால் இங்கே வாங்குவது லாபம். குறைவாக இருந்தால் பையன் சொல்வதுதான் சரி. அப்படியும் சில நாள் அமையும், நான் இல்லையென்று சொல்லவில்லை.

நீங்கள் இந்தியத் தளத்தில் மலேசிய அட்டையால் வாங்கும்போது இன்னொரு வலை விரிக்கப்படும். 'உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டுகிறீர்களா?' என்று அன்பாக ஒரு கேள்வி வரும். வெள்ளியில் தொகை தெரிந்தால் நமக்கும் நிம்மதியாக இருக்கும், சரி என்று அழுத்திவிடுவோம். அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரரின் பக்கம் இருக்கும் நிறுவனம். தன் லாபத்தையும் அதில் சேர்த்துவிடும். அதற்கு மேல், வெளிநாட்டு வியாபாரியிடம் வெள்ளியில் கட்டினாலும் ஒரு கட்டணம் வசூலிக்கும் வங்கிகள் இங்கே உண்டு. ஆக இரண்டு பக்கமும் அடி. ரூபாய் விலைக்கு ரூபாயில்தான் கட்டுவேன் என்று தேர்ந்தெடுங்கள். உங்கள் வங்கி எவ்வளவு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எடுக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு வங்கி அது மாறும்.

இனி, அந்த 'டாலரில் கட்ட வேண்டும்' கதை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

என் பாட்டி காலத்தில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல்தான். 1926இல் கட்டிய ரஜுலா 1973 வரை ஓடியது. பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1984 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போனபின் அந்தக் கடல்வழி நமக்கு மூடிப்போனது. தோட்டத்து ஜனங்கள் அதற்குப் பிறகுதான் மொத்தமாக விமானத்துக்கு மாறினார்கள். அந்தச் சமயத்தில் இந்தியாவில் அந்நியச் செலாவணிச் சட்டம் இரும்புப் பிடியாக இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அது. வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இந்தியாவில் விமான டிக்கெட் வாங்கப் போனால், அந்நியப் பணத்தைக் கொடுக்க வேண்டும். ரூபாயில் கொடுத்தால், அந்த ரூபாய் வங்கியில் முறையாக மாற்றியதுதான் என்பதற்கு மாற்றுச் சான்றிதழ் காட்ட வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஒதுக்கீட்டில் ரயில் டிக்கெட் எடுக்கவும் அதே துண்டுச் சீட்டைக் கேட்டார்கள்.

உள்நாட்டு விமானங்களில் வெளிநாட்டவருக்கு டாலர் கட்டணம் என்றே தனியாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அப்பாவோடு சென்னையிலிருந்து மதுரைக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் நின்ற உள்ளூர்க்காரர் ரூபாயில் கட்டினார். எங்கள் கடப்பிதழைப் பார்த்ததும் டாலர் அட்டவணையை எடுத்தார்கள். அதே விமானம், அடுத்த வரிசை, விலை மட்டும் அதிகம். அப்பா வாய் திறக்கவில்லை. அவருடைய அப்பா அந்த மண்ணில் பிறந்தவர். தன்னை வெளிநாட்டுக்காரர் என்று ஒரு காகிதம் சொன்னதுதான் அவருக்கு வலித்தது, காசு அல்ல. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. டிக்கெட் விதிகளை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலம் போய்விட்டது. 2000 ஜூனில் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது. இந்தியாவை விட்டுப் போகிறவர் ஒவ்வொருவரும் கட்டிய வெளிநாட்டுப் பயண வரியும், உள்நாட்டு விமானப் பயண வரியும் 2004 ஜனவரியில் ஒழிந்தன. டாலர் கட்டணமும் மறைந்துவிட்டது. ஆனால் அந்தச் சமயத்தில் பயணம் செய்தவர்கள் இன்னும் நம் ஊர் ஒட்டுக்கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்தியவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை, இருபது வருடம் பழைய உண்மையைச் சொல்கிறார்.

உலகத்தில் எங்குமே இந்தத் தொல்லை இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு நாட்டில் டாலர் வறண்டுபோனால் முதலில் விமான டிக்கெட்டில்தான் அது தெரியும். உள்ளூர்ப் பணத்தில் விற்ற டிக்கெட்டின் வருமானத்தை வெளிநாட்டு விமான நிறுவனங்களால் டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப முடியாமல் போகும். நைஜீரியாவில் 2022இல் அப்படித்தான் பணம் முடங்கி, எமிரேட்ஸ் தன் விமானங்களையே நிறுத்தியது. மலேசியாவும் 1998 செப்டம்பரில் வெள்ளியை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டு, வெளிநாடுகளில் வெள்ளி வியாபாரத்தை நிறுத்திய நாடுதான். அந்தக் கட்டு 2005 ஜூலை வரை இருந்தது. அந்த வருடங்களில் எங்கள் மேசையில் விகிதம் மாறாத நிம்மதி இருந்தது, ஆனால் கையில் எவ்வளவு கொண்டுபோகலாம் என்ற கேள்விக்கு நாள் முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் திருச்சி – கொழும்பு டிக்கெட். இங்கேதான் நீங்கள் வெளிநாட்டவர். இந்தியாவில் ஏறுகிறீர்கள், ஆகவே இந்திய ஜிஎஸ்டி உண்டு. சாதாரண வகுப்புக்கு 5 சதவீதம். மேல் வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். டிக்கெட்டில் இது கே3 என்ற குறியில் வரும். பயணிகள் போக்குவரத்தில், பயணி எந்த இடத்தில் ஏறுகிறாரோ அங்கேதான் சேவை வழங்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மலேசியர் என்பதால் 5 சதவீதம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இதே காரணத்தால்தான் கோலாலம்பூரில் ஏறி ஒருவழியாகத் திருச்சிக்குப் போகும் பயணம் அந்த வரிக்குள் வருவதில்லை. ஒரு விதிவிலக்கு: இந்தியாவில் பதிவு செய்த நிறுவனம் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கினால், அந்த நிறுவனம் இருக்கும் இடம் கணக்கில் வரும். மகன் வேலை செய்யும் கம்பெனியின் எண்ணைப் போட்டு வாங்குகிறேன் என்று கிளம்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

'டாலரிலோ வெள்ளியிலோ கட்டினால் அது ஏற்றுமதி, ஜிஎஸ்டி வராது' என்று ஒரு யோசனையை யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு சேவை ஏற்றுமதி என்று ஆக, அந்நியப் பணம் வந்தால் மட்டும் போதாது. சேவை வழங்கப்படும் இடமும் இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். திருச்சியில் ஏறுகிறவருக்கு அது பொருந்தாது. விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திருப்பிக் கேட்கலாமா என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டில் 2015 முதல் 2018 வரை ஜிஎஸ்டி இருந்தபோது சுற்றுலாப் பயணிகளுக்குத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் கேட்பார்கள். அது கையில் எடுத்துப்போகும் பொருளுக்கு. இந்தியச் சட்டத்திலும் சுற்றுலாப் பயணிக்குத் திருப்பித் தரும் பிரிவு பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. விமான இருக்கை பொருள் அல்ல.

ஜிஎஸ்டி தவிர, விமானப் பாதுகாப்புக் கட்டணம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்குப் பறக்கும் பயணிக்கு 12 அமெரிக்க டாலர் என்று 2021 ஏப்ரலில் நிர்ணயித்தார்கள். தொகை டாலரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக டாலர் நோட்டு கொண்டுபோக வேண்டாம். அன்றைய விகிதத்தில் ரூபாயாக மாறி டிக்கெட் விலைக்குள் வந்துவிடும். இந்தியரும் அதையே கட்டுகிறார். பயனர் மேம்பாட்டுக் கட்டணம் விமான நிலையத்துக்கு நிலையம் மாறும். ஒரு முகவரிடம் வாங்கினால் அவருடைய சேவைக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அது அவருடைய கூலிக்கு மட்டும், முழு டிக்கெட்டுக்கு அல்ல. ரசீதில் முழுத் தொகைக்கும் 18 போட்டிருந்தால் நின்று கேளுங்கள்.

திருச்சியில் முகவர் உங்களிடம், 'கொழும்பில் ஹோட்டலும் வண்டியும் சேர்த்து ஒரு பேக்கேஜாகத் தருகிறேன்' என்பார். அங்கே ஒரு நிமிடம் நிதானியுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்கும்போது வாங்குபவரிடம் வருமான வரியை முன்கூட்டியே பிடிக்கும் விதி இந்தியாவில் 2020இலிருந்து இருக்கிறது. அதன் விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறிக்கொண்டிருக்கிறது. வெறும் விமான டிக்கெட் மட்டும் வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது. டிக்கெட், தங்குமிடம், மற்ற செலவு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால்தான் பேக்கேஜ் என்று வருமான வரித்துறையே விளக்கியிருக்கிறது. இந்தியாவுக்கு வருகை தரும், அங்கே வசிக்காத தனிநபருக்கு இந்தப் பிடித்தம் இல்லை என்று 2022 மார்ச்சில் அறிவிப்பும் வந்தது. சின்ன முகவர்கள் பலருக்கு அந்த அறிவிப்பு தெரியாது. கடப்பிதழையும் விசாவையும் காட்டி, நான் இங்கே வசிக்கிறவள் இல்லை என்று சொல்லுங்கள். கேட்காமல் பிடித்துவிட்டால், இந்தியாவில் வரிக் கணக்கே இல்லாத நீங்கள் அதைத் திரும்ப வாங்க நாய் படாத பாடு படுவீர்கள். புதுக்கோட்டை உறவினரும் உங்களோடு வருவதாக இருந்து, தங்கள் பெயரில் பேக்கேஜ் எடுத்தால் அவர்களுக்குப் பிடித்தம் உண்டு. அவர்கள் அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே நல்ல மனதோடு எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயரில் வாங்காதீர்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? டிக்கெட்டுக்கு அட்டை போதும். கைச்செலவுக்கு ரொக்கம் கொண்டுபோனால், மலேசியாவை விட்டுப் போகும்போது 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் இருந்தால் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது அந்நிய நோட்டுகள் மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, காசோலை முதலியன சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ அறிவிக்க வேண்டும். இந்திய ரூபாயாக 25,000 வரை விமான நிலையம் வழியாக உள்ளே கொண்டுபோக மலேசியருக்கு அனுமதி உண்டு. அந்த ரூபாயை அலமாரியிலிருந்து எடுக்கும்போது நோட்டைப் பாருங்கள். 2016 நவம்பரில் செல்லாததாகிப் போன பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் நம் ஊர் வீடுகளில் சேலை மடிப்புக்குள் இன்னும் கிடக்கின்றன. 2000 ரூபாய் நோட்டையும் 2023 மே மாதம் திரும்பப் பெறத் தொடங்கிவிட்டார்கள், அதைக் கடையில் நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். நம்முடைய 500 வெள்ளி, 1000 வெள்ளி நோட்டுகளுக்கும் 1999 ஜூலையில் இதே கதிதான் வந்தது, வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்தியாவில் வெள்ளியை மாற்றும்போது உரிமம் பெற்ற கடையில் மாற்றி, சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டிக்கெட் வாங்க இன்று அது தேவையில்லை. கிளம்பும்போது மீதமுள்ள ரூபாயைத் திரும்ப மாற்றத் தேவைப்படும். சான்றிதழ் மூன்று மாதம் செல்லும். அது இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரைக்கும் மாற்றித் தரலாம் என்று விதி இருக்கிறது, அதுவும் கடைக்காரருக்கு உங்கள் காரணம் திருப்தியாக இருந்தால்.

டிசம்பருக்கு நீங்கள் வாங்கும் போய்வரும் டிக்கெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திருச்சியில் தொடங்கிப் போய்வரும் டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று பார்த்து, அதன் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பயன்படுத்தலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். முதல் பாதியில் ஏறாவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் மீதியை ரத்து செய்துவிடும். வரிசைப்படிதான் பறக்க வேண்டும். என் மேசைக்கு அழுதுகொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் இந்தத் தவறைச் செய்தவர்கள்.

கடைசியாக, உங்கள் உறவினரின் வீணாய்ப்போன டிக்கெட். அது முழுவதும் வீண் இல்லை. கோலாலம்பூரில் அவர்கள் ஏறவே இல்லை, ஆகவே அந்தப் பயணத்துக்காக வாங்கிய மலேசியச் சேவைக் கட்டணமும் புறப்பாட்டு வரியும் அவர்களுக்குத் திரும்பி வர வேண்டியவை. டிக்கெட் 'திருப்பித் தரப்படாது' என்ற வகையாக இருந்தாலும் இந்த வரிகளைக் கேட்கலாம். விமான நிறுவனத்தின் தளத்திலேயே அதற்கான படிவம் இருக்கும். சில நிறுவனங்கள் இத்தனை மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கின்றன, அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள். பணம் முதலில் கட்டிய அட்டைக்கே, அதாவது மகன் கட்டியிருந்தால் அவன் கணக்குக்கு, ரூபாயில் போகும். இரண்டாம் முனையத்து டிக்கெட் என்றால் ஆளுக்கு 70 வெள்ளி, நான்கு பேருக்கு 280. முகவர் வழியாக வாங்கியிருந்தால் முகவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவர் தன் கூலியைக் கழித்துக்கொள்வார், எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. இந்தியர்களுக்கு விசா இல்லாமல் இங்கே தங்க 30 நாள்தான் அனுமதி. கல்யாணம் தள்ளிப்போன ஒரு வாரத்தையும் சேர்த்து, அவர்கள் கடப்பிதழில் விழுந்த தேதியிலிருந்து நாளை எண்ணிப் பாருங்கள். மலிவான நாளுக்காகக் காத்திருந்து 31ஆவது நாளைத் தொட்டுவிட்டால் குடிநுழைவுத் துறையில் கட்டும் அபராதத்துக்கு முன்னால் இந்த வரிக் கணக்கெல்லாம் ஒன்றுமே இல்லை. நாளை எண்ணிவிட்டு, அப்புறம் விலையைப் பாருங்கள்.